ஷூட்டிங் கேம், அவசரகாலப் பை, ஒரு நோட்டு: பள்ளி மிரட்டல் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

16 வயது மாணவன் ஒருவன் விடுத்த மிரட்டல், அதைப் பள்ளி எப்படி மதிப்பிட்டது, பிறகு என்ன ஆயிற்று என்பதன் பதிவு இது. பள்ளியின் மனநல ஆலோசகர் என்ற முறையில் மதிப்பீட்டுக் குழுவில் நானும் இருந்தேன். மாணவனும் பெற்றோரும் படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன், சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. செய்தி தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "பையன் ஷூட்டிங் கேம் ஆடுவானா?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "ஆபத்துக் காலத்துக்கென்று முதுகுப்பை ஒன்று வைத்திருக்கிறானாமே?" என்பது. இரண்டுக்குமே பதில் 'ஆம்'. ஆனால் அந்த இரண்டு 'ஆம்'களை வைத்துக்கொண்டு எங்களால் எதையும் முடிவு செய்ய முடியவில்லை.

பின்னணி

பையன் 11-ஆம் வகுப்பு. படிப்பில் நடுத்தரம். கால்பந்து நன்றாக ஆடுவான். பேச்சில் இலேசான திக்கல் உண்டு, பதற்றமானால் கூடும்.

அவன் அப்பா சிறுதொழில் நடத்தி வந்தவர். 2020 ஊரடங்கில் தொழில் படுத்துவிட்டது. கடைகள் காலியாகிக் கிடந்த அந்த வாரங்கள் அவரை ஆட்டிவிட்டன. 'நாளைக்கே எல்லாம் நின்றுபோனாலும் என் குடும்பம் யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது' என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. சர்வைவலிசம் என்று சொல்லப்படும் இந்தப் போக்கில் பல வகை உண்டு. வீட்டில் நாலு நாளுக்குத் தண்ணீரும் டார்ச்சும் வைத்துக்கொள்பவரும் அதில் அடக்கம், ஆயுதங்களோடு நிலவறை கட்டுபவரும் அடக்கம். இவர் முதல் வகையைக் கொஞ்சம் தாண்டியவர், அவ்வளவுதான். தானியம், தண்ணீர் வடிகட்டி, பேட்டரி ரேடியோ, கயிறு என்று சேர்த்தார். விடுமுறைகளில் மகனைக் காட்டுக்குக் கூட்டிப்போய்க் கூடாரம் போடவும் ஈர விறகில் தீ மூட்டவும் திசை பார்க்கவும் கற்றுக்கொடுத்தார். அப்பாவோடு இருந்ததில் நல்ல காலம் எதுவென்று பின்னால் கேட்டபோது, பையன் யோசிக்காமல் அந்த நாட்களைத்தான் சொன்னான்.

அப்புறம் அப்பா வேலை தேடி வெளியூர் போய்விட்டார். வீட்டில் அம்மா, பையன், அம்மாவின் அப்பா. தாத்தாவின் பெயரில் உரிமம் உள்ள பழைய வேட்டைத் துப்பாக்கி ஒன்று அலமாரியில் இருந்தது. இது பள்ளியில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் கேட்டதும் இல்லை.

பள்ளியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மிரட்டலுக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டுக்கு முன்பு, வகுப்பில் சத்தமாக வாசிக்கும்போது பையன் ஒரு சொல்லில் சிக்கி நின்றதை யாரோ போனில் பிடித்துவிட்டார்கள். அந்தத் துண்டைப் பாட்டோடு சேர்த்து மீமாக்கிச் சுற்றவிட்டார்கள். அவன் புகார் கொடுத்தான். சம்பந்தப்பட்ட நான்கு பையன்களையும் கூப்பிட்டு 'சாரி' சொல்லவைத்து, கைகுலுக்கவைத்து, விஷயம் முடிந்தது என்று கோப்பில் எழுதப்பட்டது. வீடியோவோ நிற்கவில்லை. அந்தப் பருவத்திலேயே அவன் கால்பந்தை விட்டான். மதிப்பெண் இறங்கியது. இரவில் மட்டும், ஐந்து பேர் சேர்ந்து ஆடும் ஒரு ஆன்லைன் ஷூட்டிங் கேமில் நெடுநேரம் இருந்தான். அங்கே அவன் திக்கினால் யாரும் சிரிக்கவில்லை என்பது எங்களுக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

தகவல் வந்த விதம்

எச்சரிக்கை எங்கள் பள்ளிக்குள்ளிருந்து வரவில்லை. பையனை நேரில் பார்த்தே இராத, வேறு ஊரில் இருக்கும் கேம் கூட்டாளி ஒருவனிடமிருந்து வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஆட்டத்தின் நடுவே நம் பையன் குரல் அரட்டையில், "திங்கட்கிழமை ஸ்கூலுக்கு வராதவன் அதிர்ஷ்டசாலி" என்று சொல்லியிருக்கிறான். கேமில் இப்படிப் பேசுவது புதிதல்ல. கூட்டாளியும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவனை உறுத்தியது அடுத்த அரை மணி நேரத்தில் நடந்தது. இரண்டு ஆண்டாகக் கேமில் சேர்த்த அரிய ஸ்கின்களையும் (பாத்திரங்களுக்கும் ஆயுதங்களுக்கும் போடும் அலங்காரத் தோற்றங்கள்) கேம் ஆயுதங்களையும் நம் பையன் ஒவ்வொன்றாக அவனுக்கு அனுப்பத் தொடங்கினான். "எனக்கு இனி வேணாம், நீ வச்சுக்கோ." கேம் ஆடும் யாரும் இதைச் செய்யமாட்டார்கள். கூட்டாளி தன் அக்காவை எழுப்பிச் சொன்னான். அக்கா பள்ளியின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, மறுநாள் காலை போன் செய்தார்.

சொந்தப் பொருளைப் பிறருக்குக் கொடுத்துத் தீர்ப்பது தற்கொலை எண்ணத்தின் எச்சரிக்கை அறிகுறிகளில் ஒன்று என்று எங்கள் துறையில் அனைவருக்கும் தெரியும். கடிகாரத்தையோ புத்தகங்களையோ கொடுத்திருந்தால் ஆசிரியர் எவரும் கவனித்திருப்பார். கேமுக்குள் இருக்கும் பொருளும் பொருள்தான் என்பது இன்னொரு கேமருக்கு மட்டுமே தெரிந்தது.

முதல் எதிர்வினை

சனிக்கிழமை மதியமே தலைமை ஆசிரியர், வகுப்பாசிரியர், பள்ளித் தொடர்புக்கான போலீஸ் அதிகாரி, நான் ஆகியோர் கூடினோம். தலைமை ஆசிரியர் உடனடி இடைநீக்கம் என்ற முடிவோடு வந்திருந்தார். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் தோளில் பல நூறு பிள்ளைகளின் பொறுப்பு இருந்தது. ஆனால் அவர் சொன்ன காரணம் இது: "ராத்திரி முழுக்க ஆளைச் சுடுற கேம். பையில கத்தி, கயிறு. வேற என்ன வேணும்?"

வகுப்பாசிரியர் அமைதியாக ஒன்றைச் சொன்னார். அந்த வகுப்பில் அதே கேமை ஆடாத பையன்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், வீடியோவைச் சுற்றவிட்ட நால்வரும் ஆடுகிறவர்கள்தான் என்று. ஏறக்குறைய எல்லாரிடமும் இருக்கும் ஒரு பழக்கத்தை வைத்து ஒருவனை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது?

இங்கே ஆராய்ச்சிகள் சொல்வதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த அறையில் அதுவே பெரிய விவாதமாக இருந்தது. வன்முறை கேம்களால் எந்த விளைவும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2018-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 17,000-க்கு மேற்பட்ட இளையோரைத் தொடர்ந்து கவனித்த 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, இத்தகைய கேம்களுக்கும் பின்னாளைய முரட்டு நடத்தைக்கும் சிறிய தொடர்பு ஒன்று இருப்பதாகச் சொன்னது. மறுபக்கம், 2019-இல் பிரிட்டனில் 14, 15 வயதுள்ள ஆயிரம் பேரளவில் நடந்த ஆய்வு, என்ன அளக்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுத் தொடங்கப்பட்டது. அது அப்படி ஒரு தொடர்பைக் காணவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2015-இல் கேமுக்கும் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு உண்டு என்று ஏற்றது. ஆனால் குற்றச்செயல் அளவிலான வன்முறைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது. 2020-இல் அதையே மீண்டும் அழுத்திச் சொல்லி, துப்பாக்கிச் சூடு போன்ற வன்முறைக்குக் கேமைக் காரணமாக்குவது அறிவியல்பூர்வமானதல்ல என்றும் சேர்த்துக்கொண்டது.

முரட்டுத்தனம் வேறு, வன்முறை வேறு. ஆய்வகங்களில் முரட்டுத்தனத்தை எப்படி அளக்கிறார்கள் என்று தெரிந்தால் இது விளங்கும். எதிராளியின் காதில் எவ்வளவு உரக்க இரைச்சலை ஒலிக்கவிடுகிறீர்கள் என்று பார்ப்பார்கள். காரம் பிடிக்காதவருக்கு எவ்வளவு கார சாஸ் ஊற்றித் தருகிறீர்கள் என்று பார்ப்பார்கள். இவை பயனற்ற அளவைகள் என்று சொல்லமாட்டேன். ஆனால் கார சாஸிலிருந்து துப்பாக்கிக்கு ஒரே தாவலாகத் தாவ முடியாது. கலிஃபோர்னியா மாநிலம் சிறுவர்களுக்கு வன்முறை கேம் விற்பதைத் தடைசெய்து போட்ட சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011-இல் 7-க்கு 2 என்ற கணக்கில் தள்ளியபோது, ஆய்வுகள் உடன்நிகழ்வைக் காட்டுகின்றனவே தவிரக் காரணத்தை நிறுவவில்லை என்பதும் அதன் வாதங்களில் ஒன்று.

தலைமை ஆசிரியர் விடவில்லை. 2011-இல் நார்வேயில் 77 பேரைக் கொன்றவன் 'கால் ஆஃப் டூட்டி' என்ற ஷூட்டிங் கேம் ஆடிக் குறி பார்க்கப் பழகியதாகத் தானே நீதிமன்றத்தில் சொன்னானே என்று கேட்டார். நியாயமான கேள்வி. சொன்னான்தான். ஆனால் அவனுக்கு ஆண்டுக்கணக்கில் ஊறிய வெறுப்புக் கொள்கை இருந்தது, எதிரி யார் என்ற தீர்மானம் இருந்தது, ஆயுதம் வாங்கச் செலவழித்த மாதங்கள் இருந்தன. பிறகுதான் கேம் அவனுக்குக் கருவியானது. 2012-இல் அமெரிக்காவின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டபோதும் இதே பேச்சு எழுந்தது. அடுத்த ஆண்டு வந்த அரசு வழக்கறிஞரின் அறிக்கையைப் பார்த்தால், கொலையாளியின் வீட்டில் ஷூட்டிங் கேம்கள் இருந்தன. ஆனால் அவன் ஒரு திரையரங்கில் மணிக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்தது, திரையில் வரும் அம்புக்குறிக்கு ஏற்பக் கால்வைத்து ஆடும் நடன கேம். துப்பாக்கிகளோ, அவன் அம்மா சட்டப்படி வாங்கி வீட்டில் வைத்திருந்தவை. துப்பாக்கிகளைப் பற்றிய இந்தத் தகவலைச் சொன்னபோதுதான் போலீஸ் அதிகாரி எழுந்து, "முதல்ல வீட்ல என்ன இருக்குன்னு பார்ப்போம்" என்றார்.

கவனித்தவை

அன்று மாலையே அம்மாவின் அனுமதியோடு அதிகாரியும் நானும் அவர்கள் வீட்டுக்குப் போனோம்.

பையை மேசையில் கொட்டிப் பார்த்தோம். கயிறு, விசில், டார்ச், நீர் சுத்திகரிப்பு மாத்திரை, கட்டுத்துணி, மெழுகில் தோய்த்த தீக்குச்சிகள், முனை மழுங்கிய மடக்குக் கத்தி, பிளாஸ்டிக் உறையில் அடையாள அட்டை நகல்கள், பிஸ்கட் பாக்கெட்டுகள். மேலே அப்பாவின் கையெழுத்தில் 'முதல் 72 மணி நேரம்' என்ற பட்டியல். பிஸ்கட்டின் தேதி முடிந்து பல மாதம் ஆகியிருந்தது. டார்ச் எரியவில்லை, பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. அப்பா போன பிறகு அந்தப் பையை யாரும் திறக்கவில்லை. எதற்கோ தயாராகிறவன் பேட்டரியை மாற்றியிருப்பான்.

இப்படி ஒரு பையை வைத்துக்கொள்ளச் சொல்வது பல அரசாங்கங்களே. ஸ்வீடன் 2018-இல் நெருக்கடியோ போரோ வந்தால் என்ன செய்வது என்ற கையேட்டை நாட்டின் எல்லா வீடுகளுக்கும் அனுப்பியது. ஐரோப்பிய ஒன்றியம் 2025-இல் வீடுதோறும் 72 மணி நேரத்துக்குத் தேவையானதை வைத்துக்கொள்ளச் சொன்னது. அதற்காகச் சர்வைவலிசம் எல்லாமே இப்படிப்பட்டது என்றும் சொல்லமாட்டேன். 1995-இல் ஓக்லஹோமா நகரில் குண்டு வைத்து 168 பேரைக் கொன்றவன் சர்வைவலிச வட்டாரத்தில் ஊறியவன்தான். அவனிடம் அரசின்மேல் தீராத வன்மமும் இருந்தது. சேமித்துவைப்பவரிடம் நான் கேட்பது இதைத்தான்: எது வரப்போகிறது என்று அஞ்சுகிறீர்கள்? வெள்ளம், மின்வெட்டு, நோய் என்றால் ஒரு கணக்கு. பதிலில் மனிதர்கள் வர ஆரம்பித்தால், அதிலும் பெயரோடு வர ஆரம்பித்தால், கணக்கு மாறிவிடுகிறது.

இந்த வீட்டில் அந்த மாற்றம் நோட்டில் இருந்தது. முதல் பக்கங்களில் அப்பாவும் மகனும் மாறி மாறி எழுதிய பட்டியல்கள், முடிச்சுப் படங்கள். நடுவில் வெற்றுத் தாள்கள். பிறகு மகனின் கையெழுத்து மட்டும். பள்ளிக் கட்டடத்தின் படம், வாசல்களோடு. அதற்கு விளக்கம் கேட்டபோது, நெருப்புப் பிடித்தால் எப்படி வெளியேறுவது என்று அப்பா வரையச் சொன்னதாகச் சொன்னான். தேதி பார்த்தோம், உண்மைதான். கடைசிப் பக்கம்தான் எங்களை நிறுத்தியது. ஐந்து பெயர்கள். நான்கு, வீடியோ விவகாரத்தில் வந்தவை. ஐந்தாவது அவனுடைய பெயர்.

அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "தம்பி, இந்தப் பேரு ஏன் இங்க இருக்கு?" என்று கேட்டேன். நெடுநேரம் சொல்லில் சிக்கி நின்று, "நான் இருந்து என்ன மேடம்" என்றான். சாவதைப் பற்றி யோசிக்கிறாயா என்று நேரடியாகக் கேட்டேன். ஆம் என்று தலையசைத்தான். நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அதற்கு ஆதாரம் இல்லை.

தாத்தாவிடம் துப்பாக்கியைப் பற்றி அதிகாரி கேட்டார். சாவி அலமாரியின் பக்கத்து ஆணியிலேயே தொங்கியது. "போன வாரம்கூட தோட்டா எங்க இருக்குன்னு கேட்டான். சும்மா கேக்கறான்னு நெனச்சேன்" என்றார் அந்தப் பெரியவர். சொல்லி முடித்தபின் உட்கார்ந்துவிட்டார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பள்ளி மிரட்டல்களை மதிப்பிட விர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டூயி கார்னெல் குழு 2001 முதல் வளர்த்துவந்த முறை, மிரட்டலை இரண்டாகப் பிரிக்கிறது: கோபத்தில் வாய்தவறி வந்து கரைந்துபோவது, உண்மையான நோக்கம் பின்னால் இருப்பது. ஐயமிருந்தால் இரண்டாவதாகவே எடுத்துக்கொள் என்பது அதன் விதி. இதை இரண்டாவது வகையாக எடுத்தோம். குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட ஆட்கள், ஆயுதம் கைக்கெட்டும் தூரம், உயிர்மேல் பற்று விட்டுப்போனது. எங்கள் பதிவேட்டில் எழுதிய காரணங்கள் இவைதாம். கேமும் பையும் அதில் இல்லை.

முதல் வேலை துப்பாக்கி. அன்று இரவே அது போலீஸ் காவலுக்குப் போனது. தாத்தா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 1974 முதல் 2000 வரை அமெரிக்கப் பள்ளிகளில் தாக்குதல் நடத்திய 41 பேரை ஆராய்ந்த அந்நாட்டின் ரகசிய சேவைப் பிரிவு (அதிபர் முதலானோருக்குப் பாதுகாப்பு தரும் அமைப்பு), கல்வித்துறை ஆகியவற்றின் 2002 அறிக்கையில், அவர்களில் 68 சதவீதம் பேர் தாக்குதலுக்கான துப்பாக்கியைத் தங்கள் வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோதான் எடுத்திருந்தார்கள். 78 சதவீதம் பேரிடம் தற்கொலை எண்ணமோ முயற்சியோ முன்பே இருந்தது. 71 சதவீதம் பேர் தாங்கள் சீண்டப்பட்டதாக, துன்புறுத்தப்பட்டதாக உணர்ந்தார்கள். வன்முறை கேமில் ஆர்வம் காட்டியவர்கள் 12 சதவீதம். சொந்த எழுத்தில் வன்முறையைக் காட்டியவர்கள் 37 சதவீதம். அந்தக் காலத்தில் கேம் இன்றுபோல எல்லார் கையிலும் இல்லை, அதனால் 12 என்ற எண்ணை வைத்து அதிகம் வாதாடமாட்டேன். மற்ற எண்கள் எந்தத் திசையில் பார்க்கச் சொல்கின்றன என்பது தெளிவு.

இரண்டாவது, இடைநீக்கம் வேண்டாம் என்பது. அதில் கருத்து ஒன்றுபட நேரம் பிடித்தது. இடைநீக்கம் என்றால் மனக்குறை உள்ள ஒருவனுக்கு இன்னொரு மனக்குறையும், கேட்பாரில்லாத பகல் பொழுதும் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது. அம்மா உடனிருக்க, மருத்துவ விடுப்பு என்றே பதிந்தோம். ஞாயிற்றுக்கிழமையே மனநல மருத்துவரிடம் காட்டினோம். மருத்துவர் எழுதித் தந்து, குழுவும் பையனிடம் பேசிய பிறகே வகுப்புக்குத் திரும்பலாம் என்பது நிபந்தனை.

மூன்றாவது முடிவுதான் அதிகக் கேள்விக்கு உள்ளானது. அம்மா போனைப் பிடுங்கித் தண்ணீரில் போடும் கோபத்தில் இருந்தார். கேமை நிறுத்தவேண்டாம் என்றோம். இரவு பத்துக்கு மேல் இல்லை, ஆடுவது கூடத்தில், அவ்வளவுதான். அவனுக்கு அந்த வாரத்தில் மிச்சமிருந்த ஒரே நட்பு அந்த ஐந்து பேர் அணி. அந்த நட்புதான் எங்களைக் கூப்பிட்டது. மேலே சொன்ன அறிக்கையில் 81 சதவீத நிகழ்வுகளில் வேறு ஒருவருக்காவது முன்கூட்டியே தெரிந்திருந்தது. தெரியவரும் வழியை அடைத்துவிட்டு எச்சரிக்கை வரவில்லையே என்று காத்திருப்பதில் பொருளில்லை. அதோடு, போனைப் பிடுங்கினால் சொன்னது யார் என்று தேடத் தொடங்குவான்.

நான்காவது, பழைய வீடியோ புகாரை மறுபடி திறந்தோம். நான்கு பையன்களின் பெற்றோரையும் தனித்தனியே அழைத்தோம். என்ன சொல்வது என்பதில் இழுபறி. பெயர் பட்டியல் இருந்ததைச் சொல்லித்தான் ஆகவேண்டும், தங்கள் பிள்ளையின் பாதுகாப்பு குறித்து அறிய அவர்களுக்கு உரிமை உண்டு என்றார் அதிகாரி. மாணவனின் நோய் விவரத்தைச் சொல்லக்கூடாது என்றேன் நான். இரண்டையும் கடைப்பிடித்தோம். வழக்குப் பதியவேண்டாம், கண்காணிப்பில் வைப்போம் என்பது அதிகாரியின் முடிவு. எழுத்தில் காரணம் பதிந்தார்.

பின்னர் நடந்தவை

மருத்துவர் கடுமையான மனச்சோர்வு என்று கண்டறிந்தார். மருந்தும் வாராந்தரப் பேச்சும் தொடங்கின. அப்பா விடுப்பெடுத்து வந்தார். வந்தவர் முதலில் என்னிடம் சண்டைக்கு வந்தார்: "பிள்ளைய உயிர்பிழைக்கத்தானே சொல்லிக்கொடுத்தேன், கொலை பண்ணவா கத்துக்கொடுத்தேன்?" பையைக் கொண்டுவந்து காட்டி, அது இந்தக் கணக்கில் சேராது என்று சொன்ன பிறகு அடங்கினார். கடைசிப் பக்கத்தை அவரும் பார்த்தார். பிறகு கேள்வி ஏதும் கேட்கவில்லை. இப்போது மாதம் ஒருமுறை வருகிறார், இருவரும் காட்டுக்குப் போகிறார்கள். மருத்துவரே அதைச் சிகிச்சைத் திட்டத்தில் எழுதிவிட்டார்.

பையன் மூன்றாவது வாரத்தில் வகுப்புக்குத் திரும்பினான், வேறு பிரிவில். சுலபமாக இல்லை. எப்படியோ செய்தி கசிந்து, பழைய கேலிப்பெயர் போய்ப் புதுப்பெயர் வந்தது. அது இன்னும் மோசம். ஒரு பெற்றோர் தன் மகனைப் பள்ளியிலிருந்தே மாற்றிவிட்டார். அவர் நிலையில் நானும் அதைத்தான் யோசித்திருப்பேன். வீடியோ விவகாரத்தில் இருவர் எழுதித் தந்து மன்னிப்புக் கேட்டார்கள், ஒருவன் நேரில் வந்து அழுதான், ஒரு குடும்பம் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. வீடியோ எல்லா இடத்திலிருந்தும் போய்விட்டதா என்று உறுதி சொல்ல முடியாது.

கூட்டாளி சொன்னதைப் பையன் தானாகவே ஊகித்துவிட்டான். சில வாரம் பேசவில்லை. பிறகு ஒருநாள் அவனே அணிக்குள் திரும்பியிருக்கிறான். ஸ்கின்களைத் திருப்பித் தரவா என்று கூட்டாளி கேட்டதற்கு, "பாதி வச்சுக்கோ" என்றானாம்.

இடையில் ஒரு சறுக்கல். பருவத் தேர்வுக்கு முன்பு யாரோ பழைய மீமை அவன் மேசையில் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். அவன் அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு நேரே என் அறைக்கு வந்தான். பேச முடியவில்லை, தாளை மட்டும் வைத்தான். அன்றே விசாரித்து நடவடிக்கை எடுத்தோம். முதல் முறை செய்யாததை இரண்டாம் முறை பள்ளி செய்தது.

தேர்வு எழுதினான், தேறினான். திங்கட்கிழமை உண்மையிலேயே ஏதாவது செய்திருப்பானா? பல மாதம் கழித்துக் கேட்டேன். "தெரியல மேடம்" என்றான். நான் அதை நம்புகிறேன். தடுக்கப்பட்ட ஒன்று நடந்திருக்குமா என்று நிரூபிக்க வழியில்லை, அதனால் 'ஒரு படுகொலையைத் தடுத்தோம்' என்று இந்த நிகழ்வை யாரும் எடுத்துக்காட்ட வேண்டாம். ஓர் உயிரைப் பற்றிய அச்சம் உண்மையானது என்பது மட்டும் மருத்துவக் குறிப்பில் இருக்கிறது.

மாற்றியவை, மாறவேண்டியவை

எங்கள் பழைய மதிப்பீட்டுப் படிவத்தில் இரண்டாவது கேள்வியே 'வன்முறை கேம் ஆடுபவரா?' என்பது. அதை எடுத்துவிட்டோம். ஆம் என்றால் ஏறக்குறைய எல்லாப் பையன்களும் சிக்குவார்கள், இல்லை என்றால் பார்க்கவேண்டிய ஒருவன் தப்புவான். அந்த இடத்தில் இப்போது இருக்கும் கேள்விகள்: அண்மையில் எதை விட்டுவிட்டான்? யாருக்காவது எதையாவது கொடுத்தானா, கேமுக்குள் உள்ளவை உட்பட? யார்மேல் தீராத குறை, அதைப் பள்ளியிடம் சொன்னானா, பள்ளி என்ன செய்தது? கடைசிக் கேள்வியை நிரப்புவது எங்களுக்கே சங்கடமாக இருக்கிறது. இருக்கட்டும்.

வீட்டில் துப்பாக்கி உண்டா, எங்கே பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம் என்று சேர்க்கையின்போதே எல்லாப் பெற்றோரிடமும் கேட்கிறோம். ஒருவரை மட்டும் கேட்டால் சந்தேகம் என்று ஆகிவிடும்; எல்லாரையும் கேட்டால் அது வழக்கமான கேள்வி. கேலி பற்றிய புகாரைக் கைகுலுக்கலோடு மூடுவதில்லை. ஒரு மாதம் கழித்துப் புகார் கொடுத்தவரைத் தனியாக அழைத்து நின்றுவிட்டதா என்று கேட்கிறோம்.

அந்த அக்கா போன் செய்தபோது அலுவலகத்தில் எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி, "நீங்க எந்த ஸ்டூடன்டோட பேரன்ட்?" இல்லை என்றதும் திங்கட்கிழமை கூப்பிடச் சொல்லி வைத்துவிட்டார். திங்கட்கிழமை! அவர் மறுபடி மறுபடி அடித்து, வகுப்பாசிரியரின் எண்ணை எப்படியோ பிடித்ததால்தான் நாங்கள் சனிக்கிழமையே கூடினோம். இப்போது வெளியார் யாரும் எந்நேரமும் அழைக்கத் தனி எண் இருக்கிறது. எடுப்பவர் அழைப்பவர் யார் என்று விசாரிக்கும் முன், என்ன கேள்விப்பட்டார், எந்த நாள் குறிக்கப்பட்டிருக்கிறது, யாருக்கு ஆபத்து என்று கேட்டு எழுதவேண்டும்.

தீராத விஷயம் ஒன்று மிச்சம் இருக்கிறது. இந்தக் கோப்பை எத்தனை காலம் வைத்திருப்பது, மாணவன் அடுத்துச் சேரும் கல்லூரிக்கு அதில் எவ்வளவு தெரிவிப்பது என்பதில் குழு இன்னும் பிரிந்து நிற்கிறது. அதிகாரி முழுதும் தெரிவிக்க வேண்டும் என்கிறார். சிகிச்சையில் தேறிவரும் ஒருவனுக்குப் புதிய இடத்திலும் பழைய பெயரை ஒட்டி அனுப்பக் கூடாது என்பது என் நிலை. பெற்றோர் சம்மதத்தோடு அங்குள்ள ஆலோசகருக்கு மட்டும் சிகிச்சைத் தொடர்ச்சியைத் தெரிவிப்பது என்று இப்போதைக்கு எழுதிவைத்திருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் மறுபடி பேசவேண்டும்.